லிவிங் வில்லில் எழுதும் ‘நான்’ எந்த நான்?

கேள்வி: ஜூன் 2, காலை 7.15

ஒருவர் நல்ல தெளிவோடு இருக்கும்போது, “எனக்கு டிமென்ஷியா முற்றிவிட்டால் உயிரை இழுத்துப் பிடிக்காதீர்கள்” என்று எழுதிவைக்கிறார். இப்படி முன்கூட்டியே எழுதிவைக்கும் பத்திரம்தான் லிவிங் வில். பத்து வருஷம் கழித்து, எழுதினோம் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. பெற்ற பிள்ளையைத் தெரியவில்லை. ஆனால் வெயிலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார், சிரிக்கிறார், சாப்பிடுகிறார். என் வாதம் இதுதான்: நினைவுதான் ஆள். நினைவு போனதும் எழுதியவர் போய்விட்டார், இப்போது இருப்பவர் வேறொருவர். ஒருவர் எழுதியது இன்னொருவரை எப்படிக் கட்டுப்படுத்தும்?

பதில்: ஜூன் 2, இரவு 9.40

“நினைவுதான் ஆள்” என்பதற்கு முந்நூறு வயதுக்கு மேல் ஆகிறது. ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் மனித அறிவைப் பற்றிய தன் நூலின் இரண்டாம் பதிப்பில், 1694ல், புதிதாகச் சேர்த்த அத்தியாயத்தில் இருக்கிறது. இளவரசனின் நினைவுகள் செருப்புத் தைக்கும் ஒருவரின் உடம்புக்குள் போய்விட்டால் அங்கே இருக்கும் ஆள் இளவரசன்தான், இளவரசன் செய்ததற்கெல்லாம் பொறுப்பும் அவனுக்குத்தான் என்றார். அந்தப் பொறுப்பு என்ற பகுதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். லாக்குக்கு ‘ஆள்’ என்பது வழக்காடுமன்றச் சொல். யாரைப் பாராட்டுவது, யாரைத் தண்டிப்பது என்ற கேள்விக்காக வைத்துக்கொண்ட சொல்.

1785ல் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி தாமஸ் ரீட் அதன் அடிமடியிலேயே கை வைத்தார். ஒரு சிறுவன் பழத்தோட்டத்தில் திருடி அடிவாங்குகிறான். வளர்ந்து படையில் இளம் அதிகாரியாகி எதிரியின் கொடியைப் பறிக்கிறான். கடைசியில் தளபதியாகிறான். கொடியைப் பறித்தபோது சிறுவயதில் வாங்கிய அடி நினைவிருந்தது. தளபதிக்குக் கொடி நினைவிருக்கிறது, அடி மறந்துவிட்டது. லாக் கணக்குப்படி சிறுவனும் அதிகாரியும் ஒரே ஆள், அதிகாரியும் தளபதியும் ஒரே ஆள், ஆனால் சிறுவனும் தளபதியும் வெவ்வேறு ஆள். கணக்கு உதைக்கிறது.

பின்னால் வந்தவர்கள் போட்ட ஒட்டு: நேரடி நினைவு வேண்டாம், சங்கிலி போதும். இன்று நேற்றைத் தொடுகிறது, நேற்று முந்தாநாளைத் தொடுகிறது. இதை ஏற்றால் உங்கள் வாதம் தடுமாறும். டிமென்ஷியாவில் சங்கிலி ஒரே நாளில் அறுவதில்லை, வருஷக்கணக்கில் நைகிறது. ‘வேறொருவர்’ வந்து சேர்ந்த தேதி எது?

ஜூன் 3, காலை 6.20

சங்கிலியே இல்லாமல் ஒருவர் 55 வருஷம் வாழ்ந்திருக்கிறார். ஹென்றி மொலைசன். அவர் இறக்கும்வரை ஆய்வுகளில் எச்.எம். என்று மட்டுமே எழுதினார்கள். வலிப்பு தாங்க முடியாமல் 1953ல், 27 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஸ்கோவில் என்ற அறுவை நிபுணர் அவருடைய மூளையின் இரண்டு பக்கமும் பொட்டுப் பகுதியின் உட்புறத்தை எடுத்தார். புது ஞாபகங்களைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸில் பெரும்பகுதி போனது. வலிப்பு குறைந்தது. அதன்பிறகு நடந்த எதுவும் மனசில் தங்கவில்லை. பேசிக்கொண்டிருந்த ஆள் வெளியே போய்த் திரும்பி வந்தால் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியதுதான். சிறுவயது நினைவுகள் இருந்தன.

சங்கிலிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1960ன் ஹென்றியும் 1970ன் ஹென்றியும் ஒருவரையொருவர் தொடவே இல்லை. இருவரும் 1953க்கு முந்தைய ஹென்றியைத்தான் தொடுகிறார்கள். அறுபதில் ஒருவர், எழுபதில் ஒருவர் என்று யாரும் சொல்லத் துணியமாட்டோம் என்றே நினைக்கிறேன். அப்படியானால் நினைவுச் சங்கிலியும் போதாது.

ஜூன் 3, மதியம் 1.05

காலையில் எழுதியதில் பாதி தப்பு. நினைவு ஒரே வகை என்று வைத்துக்கொண்டு எழுதிவிட்டேன்.

மூளையும் ஞாபகமும் பற்றி ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் ஹென்றிக்கு ஒரு சோதனை வைத்தார். இரட்டைக் கோட்டில் வரைந்த நட்சத்திரம். அந்த இரண்டு கோட்டுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். கையை நேராகப் பார்க்க முடியாது, கண்ணாடியில் மட்டும் தெரியும். யாருக்கும் முதல் தடவை கை எதிர்ப்பக்கம் இழுக்கும், மூலைகளில் கோட்டைத் தாண்டும். மூன்று நாள் பயிற்சியில் ஹென்றியின் தவறுகள் படிப்படியாகக் குறைந்தன. ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் நாள். இதற்கு முன் செய்ததாகவே தெரியாது. ஆனால் கைக்குத் தெரிந்திருந்தது.

ஆக நேற்றைய ஹென்றி இன்றைய ஹென்றிக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். நினைவுகூரல் இல்லை, பழக்கம் இருக்கிறது. தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984ல் சங்கிலியை மறுபடி வரைந்தபோது நினைவோடு நிற்கவில்லை. எண்ணம், ஆசை, நம்பிக்கை, குணம் எல்லாவற்றையும் கண்ணிகளாகச் சேர்த்தார். ஓர் அளவும் சொன்னார்: சாதாரண மனிதருக்கு ஒரு நாளிலிருந்து அடுத்த நாளுக்கு இருக்கும் நேரடித் தொடர்புகளில் பாதியாவது இருந்தால் அது வலுவான தொடர்பு. அப்படி எண்ணினால் ஹென்றி தாராளமாகத் தேறிவிடுவார். அவருடைய பணிவும் குறுக்கெழுத்துப் பிரியமும் கடைசிவரை அப்படியே இருந்தன.

ஜூன் 4, இரவு 10.30

இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருந்தது இப்போதுதான் பிடிபட்டது. நாம் எல்லாரும் ‘நினைவு’ என்ற சொல்லால் வழுக்கிக்கொண்டிருக்கிறோம்.

தமிழில் “நினைவு தப்பிவிட்டது” என்றால் மயக்கம் போட்டார் என்று அர்த்தம். “நினைவு திரும்பியது” என்றால் கண் விழித்தார். “அவர் நினைவாக” என்றால் ஞாபகார்த்தம். விழிப்புக்கும் ஞாபகத்துக்கும் ஒரே சொல். லாக்கிடமும் இதே குழப்பம் உண்டு. அவர் எழுதியது பிரக்ஞை என்று, ரீட் அடித்தது ஞாபகத்தை. லாக் சொன்னது ஞாபகம் இல்லை என்று வாதாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கேள்வியில் இருக்கும் “நினைவு போனதும்” என்பதைப் பிரித்துப் படியுங்கள். வெயிலில் உட்கார்ந்து சிரிப்பவருக்கு ஞாபகம் போயிருக்கிறது. விழிப்பு போகவில்லை. வலி தெரியும், இனிப்புத் தெரியும், கை பட்டால் தெரியும். “எழுதியவர் போய்விட்டார்” என்பது ஞாபகத்தை வைத்துச் சொல்வது. அங்கே ஒருவர் இருக்கிறார் என்பதற்கு விழிப்பே சாட்சி. இந்த வேறுபாடு கடைசியில் பத்திரத்தில் எழுதும் ஒரு வரிவரைக்கும் வந்து நிற்கும், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜூன் 5, மாலை 5.50

“ஞாபகமில்லாத குற்றத்துக்குத் தண்டனை உண்டா?” என்று கேட்டிருந்தீர்கள். லாக்கே இதற்குக் குடிகாரனை உதாரணம் காட்டினார். செய்தது அவனுக்கு ஞாபகம் இல்லை என்பது உண்மையா பொய்யா என்று சட்டத்தால் பிரித்தறிய முடியாது, அதனால் தண்டிக்கிறது என்றார்.

நிஜ வழக்கு ஒன்று இருக்கிறது. வெர்னன் மேடிசன் 1985ல் அலபாமாவில் ஒரு போலீஸ்காரரைக் கொன்றவர். மரண தண்டனைக் கைதியாக இருந்தபோது பலமுறை பக்கவாதம் வந்து டிமென்ஷியா ஆனது. கொலை ஞாபகமே இல்லை. 2019 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது: குற்றம் ஞாபகமில்லை என்பது மட்டும் தண்டனையைத் தடுக்காது. எதற்காகத் தன்னைத் தண்டிக்கிறார்கள் என்பதைப் புத்திபூர்வமாக விளங்கிக்கொள்ள முடியாத அளவுக்கு டிமென்ஷியா இருந்தால் தடுக்கும். நீதிமன்றம் ஞாபகத்தை விட்டுவிட்டு விளங்கிக்கொள்ளும் திறனைப் பிடித்துக்கொண்டது. எனக்கு இது சரியான பிடி என்றுதான் படுகிறது. தன் கல்யாண நாள் ஞாபகமில்லாதவருக்கும் தான் கல்யாணமானவர் என்பது விளங்கலாம்.

ஜூன் 7, காலை 8.00

“ஆளே மாறிட்டார்” என்று நாம் எப்போது சொல்கிறோம்? யோசித்துப் பாருங்கள். மறதி வந்த தாத்தாவைப் பற்றி யாரும் அப்படிச் சொல்வதில்லை. “பாவம், எதுவும் ஞாபகமில்ல” என்போம். சாந்தமாக இருந்தவர் வார்த்தை கொட்ட ஆரம்பித்தால், கொடுத்துப் பழகிய கை பிடுங்க ஆரம்பித்தால், அப்போதுதான் ஆளே மாறிட்டார்.

ஆய்வும் இதையே சொல்கிறது. நினா ஸ்ட்ரோமிங்கர், ஷான் நிக்கல்ஸ் இருவரும் 2015ல் வெளியிட்டது. நோயாளிகளின் குடும்பத்தார் 248 பேரிடம் கேட்டார்கள். மூன்று நோய்கள்: அல்சைமர், முன்மூளை-பொட்டுமூளை டிமென்ஷியா, தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். “இது அதே ஆள்தானா” என்ற சந்தேகம் மிக அதிகமாக வந்தது இரண்டாவதில். அதில் ஆரம்பத்தில் ஞாபகம் ஓரளவு நன்றாகவே இருக்கும். இரக்கம் போகும், கூச்சம் போகும், இனிப்பு மேல் கட்டுக்கடங்காத ஆசை வரும். அறம் சார்ந்த குணம் மாறுவதுதான் ஆளை மாற்றிக் காட்டுகிறது, மறதி அந்த அளவுக்கு இல்லை.

ஒரு எச்சரிக்கை. இது மற்றவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதன் அளவு. உண்மையில் ஆள் மாறினாரா என்பதற்கு அளவு அல்ல. ஆனாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் முடிவெடுப்பது குடும்பம்தான், அதனால் குடும்பத்தின் கண் முக்கியம்.

ஜூன் 8, மதியம் 2.15

சைவ சித்தாந்தத்தை ஏன் இழுக்கவில்லை என்று ஒருவர் கேட்டார். இழுக்கிறேன்.

மெய்கண்டாரின் சிவஞானபோதம் மூன்றாம் சூத்திரம் முழுக்க இந்த வழக்குதான். உடம்புக்குள் உயிர் என்று தனியாக ஒன்று உண்டு என்பதற்கு வரிசையாகக் காரணம் அடுக்குகிறது. இது நான் இல்லை, அது நான் இல்லை என்று தள்ளிக்கொண்டே போகும் அறிவு ஒன்று மிஞ்சுகிறது. “எனது உடல்” என்கிறோம், அதனால் உடல் நானல்ல. தூக்கத்தில் மூச்சு ஓடுகிறது, ஆனால் உண்பதும் இல்லை, செயலும் இல்லை, அதனால் மூச்சும் நானல்ல.

“எனது உடல்” வாதம் எனக்குப் பலவீனமாகத்தான் படுகிறது. ராகு என்பதே தலைதான், இருந்தும் ராகுவின் தலை என்கிறோம். வேற்றுமை உருபை வைத்து இரண்டு பொருளை உண்டாக்க முடியாது.

ஆனால் கடைசிக் காரணம் கனமானது: உணர்த்த உணர்தல். உயிர் தானாக அறியாது, புலன், மனம் போன்ற கருவிகள் வழியாக அறிவிக்கப்பட்டால்தான் அறியும். கருவிகள் எத்தனை வேலை செய்கின்றன என்பதற்குச் சித்தாந்தம் கணக்கே வைத்திருக்கிறது: விழிப்பில் 35, கனவில் 25, உறக்கத்தில் 3, பேருறக்கத்தில் 2, அதற்கும் அடியில் 1. இந்தக் கண்ணோட்டத்தில் டிமென்ஷியா என்பது கருவி கழலுதல். ஆள் அங்கேயே இருக்கிறார், விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. பௌத்தர் இதை ஒப்பமாட்டார். பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனுக்குச் சொன்ன விளக்கு வேறு: முதல் ஜாமத்துச் சுடரும் கடை ஜாமத்துச் சுடரும் அதேயும் அல்ல, வேறும் அல்ல, ஒரே திரியில் தொடர்ந்து எரிந்தது என்பது மட்டுமே உண்மை.

இந்த இரண்டில் எது சரி என்று தீர்க்காமலே நம் கேள்விக்குப் பதில் தேட முடியும் என்பது என் எண்ணம். சித்தாந்திக்கும் பௌத்தருக்கும் ஒரு விஷயத்தில் சண்டை இல்லை. வலிக்கிற இடத்தில் வலிக்கிறது.

ஜூன் 9, காலை 6.45

அந்த வலியைப் பற்றி. தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1970ல் எழுதிய சோதனையைப் படிப்படியாகச் செய்து பாருங்கள். “நாளைக்கு உன்னைச் சித்திரவதை செய்வோம்.” பயம் வருகிறது. “அதற்கு முன் இன்று நடந்ததை மறக்கச் செய்துவிடுவோம்.” பயம் குறைகிறதா? “உன் வாழ்க்கை முழுவதையும் மறக்கச் செய்துவிடுவோம்.” குறைகிறதா? “இன்னொருவரின் நினைவுகளை உனக்குள் வைத்துவிடுவோம்.” ஒவ்வொரு படியிலும் கூடுதல் கொடுமைதான் சேர்கிறது, பயம் விலகும் படி ஒன்றும் இல்லை.

இளவரசனின் கதையில் நினைவு போன இடத்துக்கு ஆள் போனார். இங்கே நினைவு போன பிறகும் வலி எனக்குத்தான் வரும் என்று தோன்றுகிறது. இரண்டும் ஒரே மாற்றம்தான், சொன்ன விதம் மட்டும் வேறு. எனக்கு இதிலிருந்து கிடைப்பது: ‘அதே ஆளா’ என்பது ஒரே கேள்வி அல்ல. பழி யாருக்கு என்பது ஒரு கேள்வி. வாக்கு யாரைக் கட்டும் என்பது ஒன்று. வலி யாருக்கு என்பது மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இழையைப் பிடிக்க வேண்டும்.

ஜூன் 11, இரவு 9.10

மூலக் கேள்விக்கு வருகிறேன். அது ஏற்கெனவே நடந்த விவாதம். 1991ல் ஒரு மருத்துவ மாணவர் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் மார்கோ என்ற அல்சைமர் நோயாளியைப் பற்றி எழுதினார். துப்பறியும் நாவல் கையில் இருக்கும், பக்கம் மட்டும் அங்கும் இங்கும் தாவும். ஓவிய வகுப்பில் திரும்பத் திரும்ப ஒரே படம். கேட்பதும் ஒரே பாட்டு. தான் பார்த்தவர்களிலேயே மிகச் சந்தோஷமானவர்களில் ஒருவர் என்று அந்த மாணவர் எழுதினார்.

சட்டத் தத்துவவாதி ரோனால்ட் ட்வார்க்கின் 1993ல் கேட்டார்: மார்கோ தெளிவாக இருந்தபோது “எனக்குச் சிகிச்சை வேண்டாம்” என்று எழுதியிருந்தால்? எழுதியதைத்தான் கேட்க வேண்டும் என்பது அவர் முடிவு. அனுபவிக்கும் நலன்கள் வேறு, வாழ்க்கை இப்படி அமைய வேண்டும் என்ற ஆழமான நலன்கள் வேறு. இரண்டாவதை முடிவு செய்யும் அதிகாரம் வாழ்க்கையைக் கட்டியவருக்கு. சட்டப் பேராசிரியர் ரெபெக்கா டிரெஸ்ஸர் 1995ல் மறுத்தார்: எழுதியபோது மார்கோவுக்கு இந்த நிலையின் உள்ளே இருப்பது எப்படி என்று தெரியாது. கண் முன்னால் சிரிக்கும் ஒருவரின் உயிரை, அவருக்கு இப்போது பொருளே இல்லாத கொள்கைக்காக விட்டுவிடுவதா?

நான் முதலில் ட்வார்க்கின் பக்கம். இப்போது பாதி வழியில் நிற்கிறேன். தன் வாழ்க்கை எந்தத் திசையில் முடிய வேண்டும் என்று சொல்லும் உரிமை எழுதியவருக்கு உண்டு. வலி, பயம், ஆறுதல் ஆகியவற்றில் இப்போது இருப்பவரின் முகம்தான் கடைசி வார்த்தை. இரண்டும் மோதும் இடம் சின்னது, ஆனால் மிகக் கொடியது. அடுத்த குறிப்பு அதைப் பற்றி.

ஜூன் 12, காலை 7.30

நெதர்லாந்தில் கருணைக்கொலைச் சட்டம் 2002ல் அமலுக்கு வந்தது. முன்கூட்டி எழுதிய விருப்பத்துக்கு அதில் இடம் உண்டு. 2016ல் முதியோர் இல்லத்தில் இருந்த 74 வயதுப் பெண்மணி. அல்சைமர் முற்றிய நிலை. முன்பே எழுதி வைத்திருந்தார். மருத்துவர் காபியில் மயக்க மருந்து கலந்தார். ஊசி போடும்போது அந்தப் பெண்மணி எழ முயன்றார். குடும்பத்தார் பிடித்துக்கொண்டார்கள். வழக்கு நடந்தது. 2019ல் மருத்துவர் விடுதலை ஆனார். 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது: முற்றிய டிமென்ஷியாவிலும் முன்பு எழுதியதைப் பின்பற்றலாம், தெளிவில்லாத இடங்களை மருத்துவர் சூழலை வைத்துப் பொருள்கொள்ளலாம்.

எதில் தெளிவில்லை? நேரம் வந்துவிட்டது என்று ‘நானே கருதும்போது’ என்ற பொருளில் எழுதியிருந்தார். அந்த ‘நானே’தான் நாம் பத்து நாளாகப் பேசுவது. எழுதும்போது அது தெளிவாக யோசிக்கும் நான். நிறைவேற்றும் நாளில் அந்த நான் அங்கே இல்லை, அல்லது இருந்தும் பேச முடியாது. எந்த நிலைக்காகப் பத்திரம் எழுதினாரோ அந்த நிலையில் நிறைவேறவே முடியாத நிபந்தனையை அதற்குள்ளேயே வைத்துவிட்டார். இதைப் படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை.

ஜூன் 14, இரவு 8.40

இந்தியாவில் என்ன முடியும், என்ன முடியாது. ஊசி போட்டு உயிரை முடிப்பது குற்றம். சிகிச்சையை நிறுத்துவது அல்லது தொடங்காமல் விடுவதற்கு உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9ல் வழி காட்டி, 2023 ஜனவரியில் எளிமையாக்கியது.

லிவிங் வில் எழுதுபவர் வயது வந்தவராக, தெளிந்த மனநிலையில் இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்து. முன்பு மாஜிஸ்திரேட் தேவைப்பட்டது, இப்போது நோட்டரி அல்லது கெஜடட் அதிகாரி போதும். தன் சார்பில் பேசும் உறவினர் அல்லது காப்பாளர் ஒருவருக்கு மேல் குறிப்பிடலாம். ஒரு பிரதி அவர்களுக்கு, ஒன்று குடும்ப டாக்டர் இருந்தால் அவருக்கு, ஒன்று உள்ளாட்சி அமைப்பின் அதிகாரிக்கு. நிறைவேற்றும் கட்டத்தில் சிகிச்சை தரும் மருத்துவரோடு குறைந்தது ஐந்து வருஷ அனுபவமுள்ள நிபுணர்கள் இருவர் சேர்ந்த முதல் குழு, அதில் இல்லாத வேறு ஆட்கள் கொண்ட இரண்டாம் குழு. ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும்.

முக்கியமான வரம்பு: மீள வழியில்லாத நோய் முற்றி, முடிவெடுக்கும் திறனும் போன பிறகுதான் இது நடைமுறைக்கு வரும். வெயிலில் உட்கார்ந்து சிரிக்கும் மனிதருக்கு நிமோனியா வந்தால், “எனக்கு டிமென்ஷியா, ஆன்டிபயாடிக் வேண்டாம்” என்ற வரி இந்த வழிமுறைக்குள் நேராகப் பொருந்தாது. மூலக் கேள்வியின் மோதலில் பாதியை நம் சட்டம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அது நல்லதா என்று கேட்டால், இப்போதைக்கு ஆம் என்பேன்.

ஜூன் 15, காலை 9.00

எழுதும் வரிகள். “நினைவிழந்த நிலையில்” என்று எழுதவே எழுதாதீர்கள். கோமாவா, மறதியா? ஜூன் 4ல் சொன்ன வழுக்கல் இங்கேதான் ஆளைக் கவிழ்க்கும். ஐ.சி.யூ. வாசலில் ஒரு பிள்ளை ஒரு அர்த்தம் சொல்வார், இன்னொருவர் வேறு அர்த்தம் சொல்வார். கண் விழிக்காமல், கூப்பிட்டால் பதில் இல்லாமல் இருக்கும் நிலையை அப்படியே விவரித்து எழுதுங்கள். விழிப்போடு இருந்தும் முடிவெடுக்க முடியாத நிலையைத் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

“நான் விரும்பும்போது”, “எனக்குத் தோன்றும்போது” இரண்டும் வேண்டாம். பிறர் பார்த்துச் சொல்லக்கூடிய அடையாளங்களை வையுங்கள்: விழுங்க முடியாமல் போவது, படுக்கையிலிருந்து எழ முடியாதது. “செயற்கைச் சிகிச்சை” என்பதும் பொத்தாம்பொது. வென்டிலேட்டர், டயாலிசிஸ், இதயம் நின்றால் சி.பி.ஆர்., மூக்குவழி உணவுக்குழாய் என்று ஒவ்வொன்றாக எழுதி வேண்டும், வேண்டாம் என்று எதிரே குறியுங்கள். வலி மருந்தும் வாய் ஈரப்படுத்துவதும் எந்த நிலையிலும் நிற்கக்கூடாது என்பது தனி வரி.

இன்னொன்றும் வேண்டும். பின்னாளில் தெளிவில்லாத நிலையில் நான் கையைத் தட்டிவிட்டாலோ, முகம் சுளித்தாலோ, அதை என்னவென்று எடுத்துக்கொள்வது? எழுதியது செல்லுமா, சுளித்த முகம் செல்லுமா? எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், ஆனால் தேர்ந்தெடுத்து எழுதிவிடுங்கள். பிடித்துக்கொள்ளச் சொல்லி யாரும் குடும்பத்தைக் கேட்கும் நிலை வரக்கூடாது.

ஜூன் 15, மாலை 6.20

காலையில் விட்டுப்போனது. மாற்றுவதும் ரத்து செய்வதும் தெளிவு இருக்கும்போது மட்டுமே முடியும், எழுத்தில்தான், அதே நடைமுறையில்தான். அதனால் முகம் சுளிப்பதைப் பற்றிய வரி சட்டப்படி ரத்து ஆகாது. பெயர் குறிப்பிட்ட உறவினருக்கும் குழுவுக்கும் அது வழிகாட்டுதல் மட்டுமே. அவர்களின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நிறுத்தப்படுவதில்லை என்பதால் அந்த வழிகாட்டுதலுக்கு எடை உண்டு. பெயர் குறிப்பிடும்போது, உங்களைவிட வயதில் இளையவராக ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.